நான்கு போஸ்ட் கார்டுகள்

போன வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை நடையை முடித்துக்கொண்டு திரும்பும்போது, கூட நடக்கும் நண்பர் ஒருவர் தம் மகன் வாங்கிக் கொடுத்த வண்டியைக் காட்டினார். உயரமான, பெரிய வண்டி. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் பளபளவென்று இருந்தது.

“ஒன்பது வருஷ வண்டின்னு சொன்னா நம்புவீங்களா சார்? முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஷெட்லயே நின்ன வண்டி. அதுவும் ஃபோர் வீல் டிரைவ். இனிமே அடைமழையா இருந்தாலும் கவலையில்ல, சிதம்பரம் போயி நடராஜரைப் பாத்துட்டு வந்துடலாம்.”

நான் வண்டியைச் சுற்றி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து டயரைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “என்ன சார், பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரி பாக்கறீங்க?”

எனக்கு இந்தப் பழக்கம் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது கனடாவில் பார்த்த பனி. இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. அது கடலூரில் ஒரு கோப்பு. புரட்டாசி நடக்கிறது, மழைக்காலம் நெருங்குகிறது. இரண்டையும் இப்போதே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பனி.

மகள் மொன்றியாலில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். நவம்பர் கடைசி. ஒருநாள் மாப்பிள்ளை, “மாமா, டயர் மாத்தப் போறேன், சும்மா வாங்களேன்” என்று கூட்டிப் போனார். கார் டயர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அந்த மாகாணமான கியூபெக்கில் அது சட்டமாம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எல்லாக் கார்களும் குளிர்கால டயரில்தான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு செட் டயர். ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் வீட்டின் பின்பக்கம் அடுக்கிக் கிடக்கும்.

கடையில் நீண்ட வரிசை. மெக்கானிக் பிரெஞ்சுக்காரர் மாதிரிதான் பேசினார். ஆனால் நான் புதுச்சேரிப் பள்ளியில் பாதிரிமாரிடம் கற்ற பிரெஞ்சுக்கும் அவர் பேசிய பிரெஞ்சுக்கும், சென்னைத் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் ஒரு கிழவர் பிரெஞ்சில் கேள்வி கேட்கிறார் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழற்றிய டயரையும் மாட்டப்போகும் டயரையும் பக்கத்தில் வைத்து, “கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்” என்றார். கழற்றியது பலகை போல இருந்தது. மற்றது அந்தக் குளிரிலும் அழிரப்பர் போல நகத்துக்கு இடம் கொடுத்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. ரப்பர் குளிரில் இறுகும். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப்போய் ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை வேறு. குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டன்களின் மேல் சன்னக் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான கோடுகள் இருக்கும். வண்டி உருளும்போது அந்தக் கீறல்கள் விரிந்து பனியைக் கடித்துக்கொள்ளும். பனியோடு பனி ஒட்டும் என்பதால், டயரின் பள்ளத்தில் கொஞ்சம் பனி அடைந்திருப்பதுகூட நல்லதுதானாம். அப்படிப்பட்ட டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துளிப் பூவும் அச்சிட்டிருக்கும். கோடைக்கு இந்த டயர் ஆகாது. இளகிய ரப்பர், சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அங்கே இன்னொன்றும் கற்றேன். ரொம்பக் குளிரான நாளைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாளில்தான் ரோடு அதிகம் வழுக்கும். மைனஸ் 20ல் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும். பூஜ்யத்தில் அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர்ப் படலம் இருக்கும். வாருவது அந்தப் படலம்தான். நம் ஊர் மார்கழிப் பனி கண்ணை மறைப்பதோடு சரி. அந்த ஊர்ப் பனி காலையே வாரிவிடும்.

டிசம்பர் நடுவில் ஒருநாள், எதிர் வீட்டுக்கு ஒரு விருந்தாளி பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவிலிருந்து வந்தார். அங்கே குளிர்கால டயர் கட்டாயமில்லை. அவர் வண்டி நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி. டயர் மட்டும் சாதாரண டயர். எங்கள் தெரு கொஞ்சம் சரிவானது. அவர் திரும்பிப் போகும்போது நான் ஜன்னலோரம் பேத்தியை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். குவிந்து கிடந்த பனியிலிருந்து வண்டி அநாயாசமாகக் கிளம்பியது. என்ன பலம் என்று வியந்தேன். தெருக்கோடியில் நிற்க வேண்டிய இடத்தில் அவர் பிரேக் போட்டார். நான்கு சக்கரமும் கட்டிய நிலையில், பூஜையறைத் தரையில் எண்ணெய் கொட்டிய மாதிரி, வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கப் பனிக் குவியலில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து எங்கள் மாப்பிள்ளை தம் சின்னப் பழைய காரில் அதே சரிவில் இறங்கி, அதே இடத்தில் அழகாக நிறுத்தி, இறங்கிப்போய் அந்த மனிதருக்குப் பனி தள்ள உதவினார்.

அன்று எனக்குப் புரிந்தது ஒரு விஷயம். கிளம்புவது எஞ்சின் வேலை. நிற்பது டயர் வேலை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி நன்றாகக் கிளம்பும், மேடு ஏறும். ஆனால் நிறுத்துவது என்று வந்தால் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தானே பிரேக்? அதில் பெரிய வண்டிக்கு என்ன தனி வரம்?

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பின் சக்கரம்தான் தள்ளும். எஞ்சின் கனமோ முன்னால். சேற்றில் மாட்டினால் பின் சக்கரம் வெறுமனே சுற்றும். “டிக்கியில ரெண்டு மூட்டையத் தூக்கிப் போடுங்க” என்பார்கள். பனி நாடுகளிலும் பின்சக்கர வண்டிக்காரர்கள் பின்னால் மணல் மூட்டை வைக்கிறார்கள். மாருதி 800 வந்தபோது, எஞ்சின் கனமும் இழுப்பும் இரண்டுமே முன் சக்கரத்தில் விழுந்ததால், அந்தத் தீப்பெட்டி வண்டி சேற்றில் அம்பாசடரைவிட நன்றாக வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் 1934லேயே சித்ரோயன் கம்பெனியில் முன்சக்கர இழுப்பு வண்டி செய்து, அதற்கு ‘முன் இழுப்பு’ என்ற பொருளில் ‘த்ராக்ஸியோன் அவான்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் இதெல்லாம் கிளம்புவதிலும் திரும்புவதிலும் உள்ள வித்தியாசம். எதுவானாலும் கடைசியில் ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான்.

அது எவ்வளவு தொடுகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியாது. ஒரு சாதாரணக் காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் காற்று 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. காரைத் தாங்குவது முக்கியமாக அந்தக் காற்றுதான். ரப்பர் அதற்கு ஒரு பை. அப்படியானால் 300ஐ 2.25ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர். நம் தபால் இலாகாவின் போஸ்ட் கார்டு 14க்கு 9 சென்டிமீட்டர், அதாவது 126. கொஞ்சம் முன்னே பின்னே, ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஒரு போஸ்ட் கார்டு அளவுதான். பெண்டாட்டி, பிள்ளை, பேரன், சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றோடும் நாம் போய்க்கொண்டிருப்பது நான்கு போஸ்ட் கார்டுகளின் மேல். பெரிய வண்டிக்குக் கார்டு கொஞ்சம் பெரிசு. ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவுக்குப் பெரிசு.

நம் ஊரில் பனி இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் பனி வேறு உருவத்தில் வருகிறது. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாக வெள்ளாற்றுப் பாலம் ஏறிச் சிதம்பரம் போகும் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ரோட்டில் நான்கு விதமான வழுக்கல் உண்டு.

முதலாவது, முதல் மழை. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த தூசியும் ஆயிலும் முதல் தூறலில் ஊறி ஒரு பசையாகும். பெரிய மழை வந்து கழுவிவிட்டால் ரோடு தேவலை. தூறல் விழுந்த முதல் அரைமணி நேரம்தான் ஆபத்து. மேலே சொன்னேனே, பூஜ்யம் டிகிரிப் படலம், இதுவும் அதே கதைதான்.

இரண்டாவது, தேங்கிய தண்ணீர். டயரின் பள்ளங்கள் இருப்பது அழகுக்கு இல்லை. முன்னால் இருக்கும் தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் தள்ளுவதற்கு. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் காகிதம் போல லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி திரும்பாது. 1960களில் அமெரிக்க நாசா ஆராய்ச்சியாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்குப்படி 30 பவுண்டு காற்றுள்ள டயர், தேங்கிய தண்ணீரில் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 20 பவுண்டாக இறங்கியிருந்தால் 75லேயே மிதக்கும். கார் டயருக்கு இதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளலாம். இப்போது ரோடு அகலமாகிவிட்டது. 75ல் போகிறவனைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள்.

மூன்றாவது, வயல் சேறு. நடவு நேரத்தில் டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி ரோட்டைக் கடக்கும்போது, சக்கரத்தில் ஒட்டிய களிமண் ரோட்டில் பாய் விரித்தது போல விழும். காய்ந்திருக்கும்போது புழுதி. இரவில் ஒரு தூறல் விழுந்தால் சோப்பு.

நான்காவது, தை, மாசியில் நெல்லும் வைக்கோலும், அப்புறம் உளுந்துச் செடியும். களம் இல்லாத குடியானவர்கள் ரோட்டில் காய வைக்கிறார்கள். உளுந்துச் செடியை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டிக் கொடுத்தால் அவர்கள் ஏன் ரோட்டுக்கு வருகிறார்கள்? ஆனால் அந்தச் செடியின் மேல் எழுபதில் போய் பிரேக் போட்டவனுக்குத் தெரியும், மொன்றியால் பனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று.

இனி அந்தக் கோப்பு.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் வாகனப் பிரிவு என் மேஜையில் இருந்தது. ஒரு ஜீப்பின் பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். டயருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. லாக் புக்கைக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் பாக்கி இருந்தது. ‘நிர்ணயிக்கப்பட்ட தூரம் ஓடி முடியாத நிலையில் இக்கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மேலே கையெழுத்தாகி வந்துவிட்டது. தணிக்கையில் ஆட்சேபணை வரக்கூடாது என்பதுதான் அப்போது என் முழு கவலை.

டிரைவர் என் மேஜைக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், ஆனாலும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“சார், ஒரே ஒரு தடவை கீழ வந்து டயரைப் பாருங்க சார்.”

“நான் பாத்து என்னப்பா செய்யறது? கணக்கு ஒத்து வரலியே.”

“நம்ம வண்டி தார் ரோட்டுலயா சார் ஓடுது? வாய்க்கா கரையிலயும் சரளக்கல்லுலயும் ஓடுது. லாக் புக்குல எழுதற கிலோமீட்டரு எல்லாம் ஒரே கிலோமீட்டரு இல்ல சார்.”

எவ்வளவு சரியான வார்த்தை! அன்று எனக்கு அது எதிர்ப்பேச்சாகத்தான் பட்டது. ஜீப் மாடிப்படிக்குக் கீழே, வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. இருபது படி. நான் இறங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, அதிகாரியோடு சிதம்பரம் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது, களிமண் படிந்த ரோட்டில் எதிரே வந்த மாட்டு வண்டிக்காக டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். பின்பக்கம் வாரிக்கொண்டு போய் ஜீப் வாய்க்காலில் கவிழ்ந்தது. அதிகாரிக்கு நெற்றியில் தையல். டிரைவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கால் கூடி வந்தபோது கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதன்பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. கடைசி வரைக்கும் காவல் வேலைதான் பார்த்தார்.

விசாரணை நடந்தது. கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். என் குறிப்பு விதிப்படி சரியாக இருந்தது. மழையே காரணம் என்று முடித்தார்கள். எனக்கு ஒரு மெமோ கூட வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை இத்தனை வருஷம் மனதில் கிடந்திருக்காதோ என்னவோ. அவர் ஊன்றுகோலோடு விடுப்புச் சம்பளப் பட்டியலுக்காக என் மேஜைக்கு வந்தார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பில்லு எப்ப சார் பாஸாகும்?” என்று மட்டும் கேட்டார். பில்லை அன்றே போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த பிராயச்சித்தம். போன வருஷம் அவர் காலமானார் என்று தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். வண்டியின் பெயரையும் உயரத்தையும் கேட்காதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். இருபது படி இறங்கிப் போய் டயரைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று.

ஒன்று, பட்டன். புதுக் கார் டயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர வாகனத்துக்கு 0.8. டயரின் பக்கவாட்டில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற ஆங்கில எழுத்துக்களோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் 1.6 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டு, வயது. இது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த கார், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர ஷெட்டிலேயே நிற்கிறது. பட்டன் புதுசாகவே இருக்கும். ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே கிழமாகும். வெயிலும் வருஷமும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். மொன்றியாலில் குளிர் செய்யும் வேலையை இங்கே வயது செய்கிறது. டயரின் பக்கத்தில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 35ஆம் வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் டயர் கடையில் காட்டச் சொல்கிறது மிஷ்லேன் கம்பெனி. பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பக்கவாட்டில் தலைமுடி போல வெடிப்பு தெரிந்தால் வருஷத்தையே எண்ண வேண்டாம்.

மூன்று, காற்று. மாதம் ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் ஒட்டியிருக்கும்.

இன்னும் ஒரு விஷயம். இரண்டு டயர்தான் மாற்ற வசதி என்றால், புதுசைப் பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுப்பு வண்டியானாலும் சரி. டயர்க்காரரே சில சமயம் முன்னால் போடச் சொல்வார். கேட்காதீர்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பிடி கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே பம்பரம் ஆகிவிடும். அதை நிமிர்த்த நம்மைப் போன்றவர்களால் ஆகாது. அந்த ஜீப்பில் நடந்தது அதுதான்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள் இளைஞர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் கார்களில் அது கட்டாயம். நல்ல விஷயம்தான். பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப விடும். ஆனால் இருக்கிற பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டு வரும்?

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பென்ஷன்காரனுக்கு நான்கு டயர் என்பது சின்னத் தொகை அல்ல. கனடாக்காரர்களைப் போல இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நமக்கு அது தேவையும் இல்லை. நம் நாட்டுச் சாதாரண டயர் நம் மழைக்குப் போதும், அது நல்ல நிலையில் இருந்தால். வாடகை வண்டிக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம் என்பதும் தெரியும். டீசல், இன்ஷூரன்ஸ், தவணை எல்லாம் போக டயருக்கு மிச்சம் இருப்பதில்லை.

ஆனால் கியூபெக்கில் நான் மதித்தது டயரை அல்ல, தேதியை. டிசம்பர் 1 என்று ஒரு நாள் குறித்துவிட்டார்கள். அந்தத் தேதி வருகிறது என்று ஊரே கடை வாசலில் நிற்கிறது. நமக்கும் மழை எப்போது வரும் என்று தெரியாதா? கடலூர் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. 2015 நவம்பர் வெள்ளத்தை யார் மறந்தோம்? வருஷா வருஷம் செப்டம்பரில் வாய்க்கால் தூர் வாருவது பற்றியும் மணல் மூட்டை பற்றியும் கூட்டம் போடுகிறார்கள். அதோடு அக்டோபர் 1ஆம் தேதி முதல் டயர் சோதனை என்று ஒரு வரியைச் சேர்த்தால் என்ன? ரோட்டில் நிறுத்துகிற போலீஸ்காரர் இன்ஷூரன்ஸ் தாளையும் புகைச் சான்றையும் பார்க்கிறார். தாள்கள் சரியாக இருந்தால் வண்டி சரி. முன்னூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு பட்டன் அளவுகோலைப் பள்ளத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. முதல் வருஷம் அபராதம் கூட வேண்டாம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பட்டும். தாளைப் பார்த்து டயரைப் பார்க்காமல் விட்ட தப்பை நான் செய்தவன். அதனால்தான் சொல்கிறேன்.

வாடகைக் காருக்குச் சொல்லும்போது நாம் கேட்கிற கேள்விகள் என்ன? ஏ.சி. உண்டா, கிலோமீட்டருக்கு எவ்வளவு. அதோடு, “மழை நாள், டயர் நல்லா இருக்கிற வண்டியா அனுப்புங்க” என்று ஒரு வார்த்தை சேருங்கள். வண்டி வந்ததும் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வாருங்கள. மொட்டை டயராக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். டிரைவரிடம் கோபப்படாதீர்கள். அவர் தம் முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

நண்பர் கதைக்கு வருகிறேன். அன்று கடற்கரையில் வெளிச்சம் போதவில்லை, எனக்கும் கண்ணாடி இல்லாமல் அந்தச் சின்ன எண்களைப் படிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேரனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் போன் செய்தார்.

“சார், 2216ன்னு போட்டிருக்காம். நாலுலயும் அதான். என்ன அர்த்தம்?”

“2016 மே கடைசி. உங்க வண்டியோட பொறந்த டயர்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பட்டன் புதுசாட்டம் இருக்கே சார்...”

“பேரனை நகத்தால அழுத்திப் பாக்கச் சொல்லுங்க.”

மறுபடியும் சத்தமில்லை. பேரன் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது. “கல்லு மாதிரி இருக்காம்” என்றார். திங்கட்கிழமை டயர் கடைக்குப் போகிறார்களாம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.